கொலம்பசின் கப்பலும் செனாவாங் பால்மரமும்

சிரம்பான் நகரை அடுத்துள்ள செனாவாங்கிற்கு இன்று போகிறவர்களின் கண்ணில் முதலில் படுபவை தொழிற்சாலைகள், வீடமைப்புப் பகுதிகள், நெடுஞ்சாலைச் சாவடி, கொமுட்டர் ரயில் நிலையம் ஆகியவைதாம். ஆனால் அந்த வட்டாரத்து மூத்த தலைமுறையிடம் பேசிப் பார்த்தால் வேறொரு செனாவாங் வெளியே வரும். விடியற்காலைப் பெரட்டு, நெற்றியில் விளக்கு, கையில் உளி, தோளில் காண்டா வாளி, மழை பெய்தால் அன்றைய சம்பளம் போயிற்றே என்ற கவலை, ஆயக்கொட்டகையில் விட்டு வந்த கைக்குழந்தை. அது பால்மரக் காட்டின் செனாவாங்.

அந்தப் பால்மரம் எந்த நாட்டு மரம் என்று கேட்டால் பலரும் மலாயா மரம் என்றே சொல்வார்கள். அது தென் அமெரிக்காவில், பிரேசில் நாட்டு அமேசான் காட்டில் பிறந்த மரம். அந்த மரம் மட்டுமா கடல் கடந்து வந்தது? ஒரே பயிரைப் பல்லாயிரம் ஏக்கரில் நட்டு, வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து, ஒரு துரையின் கீழ் வேலை வாங்கும் 'தோட்டம்' என்ற ஏற்பாடும் அமெரிக்கக் கண்டத்தில்தான் முழு உருவம் பெற்றது. ஆகவே செனாவாங்கின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டுமானால், 1492ஆம் ஆண்டிலிருந்து சொல்ல வேண்டும்.

இந்தியாவைத் தேடிப் போனவர்கள்

1492 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஸ்பெயின் நாட்டுப் பாலோஸ் துறைமுகத்திலிருந்து மூன்று கப்பல்களுடன் கிறிஸ்தோபர் கொலம்பஸ் புறப்பட்டார். மேற்குத் திசையில் போனால் ஆசியாவை அடையலாம், வாசனைப் பொருள்களும் பொன்னும் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அக்டோபர் 12ஆம் தேதி அவர் கால் வைத்தது இன்றைய பஹாமாஸ் தீவுக் கூட்டத்தில். அதை இந்தியாவை ஒட்டிய தீவுகள் என்று நம்பி, அங்கிருந்த மக்களை 'இந்தியர்' என்று அழைத்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பெயர் முழுவதும் மறையவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து போர்ச்சுகீசியர் முறை வந்தது. வாஸ்கோ ட காமா கண்டுவந்த வழியில் கோழிக்கோட்டுக்குப் புறப்பட்ட கப்ராலின் கப்பல்கள், 1500 ஏப்ரல் 22ஆம் தேதி பிரேசில் கரையைக் கண்டன. அதைத் தம் மன்னருக்குரிய நிலம் என்று அறிவித்துவிட்டு, அதே கப்பற்படை அதே ஆண்டு செப்டம்பரில் கோழிக்கோட்டை அடைந்தது. பதினொரு ஆண்டுகள் சென்றதும், 1511 ஆகஸ்டில், அல்புகர்க் மலாக்காவைக் கைப்பற்றினார். தமிழ் வணிகர்கள் செல்வாக்கோடு வாழ்ந்த துறைமுகம் அது. மலாக்காவுக்கு வடக்கே லிங்கி ஆற்றின் வழியாகச் சென்றால் சுங்கை ஊஜோங், அதாவது இன்றைய சிரம்பான் வட்டாரம்.

பிரேசிலும் கோழிக்கோடும் மலாக்காவும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே பேரரசின் வலைக்குள் வந்துவிட்டன. அமெரிக்காவின் வரலாறு எங்கோ நடந்த அயலார் கதை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதுவே முதல் சான்று.

புரியாத மொழியில் படிக்கப்பட்ட தாள்

1494இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் டோர்டெசில்லாஸ் என்ற ஊரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அட்லாண்டிக் கடலில் ஒரு கோடு கிழித்து, மேற்கே உள்ளது ஒருவருக்கு, கிழக்கே உள்ளது மற்றவருக்கு என்று உலகைப் பங்கு போட்டன. அந்த நிலங்களில் காலங்காலமாக வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

அதைவிட விந்தையான செய்தி ஒன்று உண்டு. 1513இல் ஸ்பெயின் அரசு ஓர் அறிவிப்புப் பத்திரம் தயாரித்தது. புதிய நிலத்தில் இறங்கும் படைத்தலைவர்கள் அங்குள்ள மக்களுக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும். ஸ்பெயின் மன்னருக்கு அடங்க வேண்டும், மறுத்தால் போர் தொடுத்து அடிமையாக்குவோம், அதனால் வரும் சாவுகளுக்கு நீங்களே பொறுப்பு என்பதே அதன் சாரம். படிக்கப்பட்டது ஸ்பானிய மொழியில். கேட்டவர்களுக்கோ அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆள் இல்லாத ஊர்களிலும், கப்பல் தளத்தில் நின்றபடியும்கூட அதைப் படித்தார்கள். படித்தாயிற்று, சட்டப்படி எல்லாம் சரி என்று எழுதி வைத்துக்கொண்டார்கள்.

நிலம் பறிபோனதற்கு வாளும் துப்பாக்கியும் மட்டும் காரணமில்லை என்பது இதிலிருந்து விளங்கும். கையில் தாள் வைத்திருந்தவன் நிலத்தை வைத்திருந்தான். தாளைப் படிக்கத் தெரியாதவன் இழந்தான்.

ஹிஸ்பானியோலா தீவில் நடந்தது இதற்குச் சாட்சி. அங்கு வாழ்ந்த தைனோ மக்களை ஸ்பானியக் குடியேறிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துச் சுரங்கங்களிலும் வயல்களிலும் வேலை வாங்கினர். கொலம்பஸ் வந்தபோது இலட்சக்கணக்கில் இருந்த அந்த மக்கள், 1514இல் எடுத்த கணக்கின்படி சுமார் 26,000 பேராகக் குறைந்திருந்தனர். 1518இல் பெரியம்மை வந்து மிச்சமிருந்தவர்களிலும் பெரும்பாலோரைக் கொண்டுபோயிற்று.

எதிர்த்துப் பேசியவர்களும் இருந்தார்கள். 1511 டிசம்பரில் சாண்டோ டொமிங்கோவில் அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்ற பாதிரியார், இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று தம் இனத்தவரையே மேடையில் நின்று கேட்டார். பின்னர் பார்த்தொலோமே தெ லாஸ் காசாஸ் நெடுங்காலம் அந்த மக்களுக்காக வாதாடினார். 1542இல் புதிய சட்டங்கள் வந்தன. ஆனால் சட்டம் ஸ்பெயின் பக்கம் இருந்தது. வேலை வாங்கியவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள்.

கரும்பு கற்றுக்கொடுத்த பாடம்

1493இல் தம் இரண்டாம் பயணத்தின்போது கொலம்பஸ் கேனரித் தீவுகளிலிருந்து கரும்புக் கரணைகளை எடுத்துச் சென்றார். கரும்பு ஆசியப் பயிர். அதியமானின் முன்னோர் கரும்பைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த செய்தியை ஔவையாரே புறநானூற்றில் பாடியுள்ளார். ஊருக்கு நன்மை செய்தவர்களின் புகழாகத் தமிழர் பாடிய அதே பயிர், கரீபியன் தீவுகளில் பெருந்துயரின் காரணமாயிற்று.

கரும்பு வெட்டியவுடன் ஆலைக்குப் போக வேண்டும். ஆகவே வயலும் ஆலையும் ஒரே இடத்தில், ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கானோர் மணியடித்ததும் எழுந்து, கும்பல் கும்பலாகப் பிரிந்து, மேற்பார்வையாளர் முன் நின்று வேலை செய்ய வேண்டும். விளைந்ததெல்லாம் ஏற்றுமதிக்கு, உண்பதெல்லாம் வெளியிலிருந்து. தொழிலாளி தங்கும் குடிசையும் முதலாளியின் நிலத்தில்தான். இதுதான் தோட்டத்தின் அச்சு. மலாயாத் தோட்டத்தில் வாழ்ந்த எவருக்கும் இந்தப் படம் புதிதாக இருக்காது.

தைனோ மக்கள் அழிந்ததால் ஆள் தேவைப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து மக்களைப் பிடித்து, விலை பேசி, சங்கிலியிட்டுக் கொண்டுவந்தனர். மூன்றரை நூற்றாண்டில் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் கப்பலேற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். சுமார் 18 லட்சம் பேர் கரையைக் காணாமலே கடலில் மாண்டனர்.

அடிமை முறை போயிற்று, ஆள் தேவை போகவில்லை

1833இல் பிரிட்டன் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியது. 1834 ஆகஸ்ட் 1ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு நட்ட ஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. அடிமையாக உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை; ஒரு முழம் நிலமும் இல்லை.

தோட்டங்களோ நின்றபடியே நின்றன. அவற்றுக்கு ஆள் தேடிய முதலாளிகளின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. கொலம்பஸ் தேடிக் காணாத இந்தியர்களை, அவர் கண்ட தீவுகளுக்குக் கப்பலில் கொண்டுபோகும் காலம் வந்தது. 1838 மே மாதம் முதல் கப்பல்கள் கயானாவை அடைந்தன. 1845இல் டிரினிடாட்டுக்கு முதல் கப்பல் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களை 1853 முதல் மார்த்தினிக் தீவுக்கும் 1854 முதல் குவாதலூப் தீவுக்கும் கொண்டுசென்றனர். தமிழ் பேசத் தெரியாத அவர்களின் பேரப் பிள்ளைகள் இன்றும் அங்கே மாரியம்மனுக்குப் பூசை செய்கிறார்கள்.

மலாயாவிலும் கதை கரும்பில்தான் தொடங்கியது. பினாங்கை ஒட்டிய செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். அதைச் 'சஞ்சிக் கூலி' முறை என்பர். 1910இல் அந்த முறை முடிவுக்கு வரும்வரை சுமார் இரண்டரை லட்சம் பேர் அவ்வாறு வந்தனர்.

அடிமை முறையும் சஞ்சிக் கூலி முறையும் ஒன்றே என்று சொல்லிவிடுவது சரியாகாது. சஞ்சிக் கூலிக்குத் தவணை உண்டு, சம்பளம் உண்டு; அவன் பிள்ளை விற்கப்படவில்லை. ஆனாலும் தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம். சிறைத் தண்டனை உண்டு. அந்த ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று பெருவிரல் ரேகை வைத்த பலருக்குத் தெரியாது. 1513ஆம் ஆண்டுத் தாளின் நிழல் நாகப்பட்டினத் துறைமுகம்வரை நீண்டிருந்தது.

அமேசானிலிருந்து வந்த விதை

இனி மரத்தின் கதைக்கு வருவோம். ரப்பரை அறிந்தவர்கள் ஐரோப்பியர் அல்லர். இன்றைய மெக்சிகோப் பகுதி மக்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவகை மரத்தின் பாலைக் கொடிச் சாற்றுடன் கலந்து கெட்டியாக்கிப் பந்து செய்து விளையாடினர். தரையில் அடித்தால் துள்ளி எழும் பந்தைப் பார்த்து ஸ்பானியர் வியந்தனர். 1528இல் எர்னான் கோர்டெஸ் அந்தப் பந்தாட்டக்காரர்களையே ஸ்பெயினுக்கு அழைத்துச் சென்று அரசவையில் ஆட வைத்தார்.

அமேசான் நதி நெடுகிலும் முதலில் இறங்கிச் சென்ற ஐரோப்பியர் பிரான்சிஸ்கோ தெ ஒரெயானா. 1541இல் அவர்கள் கூட்டம் தேடிப் போனது பொன்னையும் இலவங்கப் பட்டையையும். தேடியது கிடைக்கவில்லை. அவர்கள் கடந்துபோன காடுகளில் நின்ற பால்மரம் பின்னாளில் பொன்னைவிட விலை பெறும் என்று யாரும் நினைக்கவில்லை.

1736இல் பிரெஞ்சு அறிஞர் லா கொந்தமின் ரப்பர் மாதிரியைப் பாரிசுக்கு அனுப்பினார். 1839இல் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் வெயிலில் உருகாது, குளிரில் உடையாது என்று கண்டார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். உலகமே ரப்பர் கேட்டது.

அந்தத் தேவை அமேசான் பழங்குடி மக்களுக்கு இரண்டாவது கொலம்பசாக வந்து சேர்ந்தது. புட்டுமாயோ ஆற்றுப் பகுதியில் ஒரு நிறுவனம் அவர்களைக் கட்டிவைத்து அடித்து, பட்டினி போட்டு, பால் சேகரிக்க அனுப்பிய கொடுமைகளைப் பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் விசாரித்தார். அவருடைய அறிக்கை 1912இல் வெளிவந்தபோது உலகம் அதிர்ந்தது.

அதற்குள் விதை கடல் கடந்துவிட்டது. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் உள்ளூர் மக்களைக் கொண்டு திரட்டிய சுமார் 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. முளைத்தவை 3,000க்கும் குறைவு. பெரும்பாலான கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து, அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். விதைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நடுங்கள் நடுங்கள் என்று துரைமார்களிடம் கெஞ்சித் திரிந்த அவரைப் பைத்தியக்காரர் என்றே பலர் கேலி செய்தனர்.

அப்போது சுங்கை ஊஜோங் துரைமார்கள் காப்பி நட்டுக்கொண்டிருந்தார்கள். 1890களில் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை விழுந்தது. அடிபட்டவர்கள் ரப்பருக்கு மாறினர். 1896இல் மலாக்காவின் டான் சாய் யான் முதலில் வணிக முறையில் ரப்பர் நட்டார். பிரேசிலின் ஒரு பயிர் கைவிட வைத்தது. பிரேசிலின் இன்னொரு பயிர் கைகொடுத்தது. 1913-14 வாக்கில் ஆசியத் தோட்ட ரப்பர் அமேசான் காட்டு ரப்பரை முந்திவிட்டது. அமேசானில் தோட்டம் போட முயன்ற ஹென்றி ஃபோர்டு இலைக்கருகல் நோயால் தோற்றுப்போனார். அந்த நோய் வந்து சேராத மண்ணில் பால்மரம் செழித்தது. அப்படிச் செழித்த மண்ணில் செனாவாங்கும் ஒன்று.

மரத்துக்கு வேர் இருந்தது, மனிதருக்கு?

மரம் வந்தது, பால் வெட்ட ஆள் வேண்டும். சஞ்சிக்குப் பின் கண்காணி முறை வந்தது. கண்காணி தன் ஊருக்குப் போய் உறவுக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் அழைத்து வருவான். அவன் கொண்டுவந்தவர்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் 'தலைக்காசு' கிடைக்கும். ஒரு மாத முன்னறிவிப்போடு தொழிலாளி விலகிப் போகலாம் என்று சட்டம் சொன்னது. ஆனால் வீடு தோட்டத்தினுடையது, மருந்து தோட்டத்தினுடையது, பள்ளிக்கூடமும் தோட்டத்தினுடையது. விலகிப் போனால் எங்கே போவது? 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களிடம் பெர்பத்தே வழக்கம் உண்டு. பரம்பரை நிலம் பெண் வழியாக இறங்கும். குலத்துக்கு வெளியே விற்க முடியாது. காலனி ஆட்சி நிலத்தையெல்லாம் பட்டா எழுதிய காலத்தில், அந்த வழக்கமும் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி தாளில் ஏறியது. அதனால் ரெம்பாவ், கோலப்பிலா போன்ற இடங்களில் பரம்பரை நிலங்கள் கைமாறாமல் காக்கப்பட்டன. அதே மாநிலத்தில் காட்டை அழித்துத் தோட்டம் ஆக்கிய தமிழர் பெயரில் எந்தத் தாளும் எழுதப்படவில்லை. யாரும் யாரிடமிருந்தும் பறித்ததாக இதற்குப் பொருள் இல்லை. வழக்கத்தைத் தாளில் ஏற்றியவர்கள் பிழைத்தார்கள் என்பதே இதன் பொருள்.

தாளின் அருமையை உணர்ந்த ஒருவர் இருந்தார். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர் குடும்பங்கள் தெருவில் நின்றன. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால் வெட்டுகிறவன் தோட்டத்துக்குப் பங்காளி ஆகலாம் என்று காட்டிய முயற்சி அது.

எல்லாத் தோட்டங்களுக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1970களில் செனாவாங்கில் தொழிற்பேட்டை எழுந்தது. பின்னர் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. நாடு முழுவதும் பால்மரம் செம்பனைக்கும், செம்பனை கட்டடங்களுக்கும் வழிவிட்டது. மூன்று தலைமுறை உழைத்த பல்லாயிரம் குடும்பங்கள், வேலை போனவுடன் வீடும் போயிற்று என்ற நிலைக்கு ஆளாயின. வேலையோடு ஒட்டிய வீடு வேலை இருக்கும்வரைதான் என்ற விதி, கரீபியன் கரும்புத் தோட்டத்தில் எழுதப்பட்ட விதி. 1834இல் அங்கே விடுதலை பெற்றவர்களைக் கேட்ட அதே கேள்விதான் இங்கும் கேட்டது: இனி எங்கே போவாய்?

மாற்றம் இல்லாமலும் இல்லை. 1990ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. சில தோட்டங்களில் தொழிலாளர்கள் ஒன்றுபட்டுப் போராடி மாற்று வீடு பெற்றனர். அப்படிப் பெற்ற இடங்களில் எல்லாம் கையில் கடிதம் இருந்தது, கூட்டக் குறிப்பு இருந்தது, கையெழுத்து இருந்தது. வாய்ச்சொல்லை நம்பியவர்கள்தாம் வெறுங்கையோடு வெளியேறினார்கள்.

வரலாறு எதற்கு?

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, பப்பாளி, கொய்யா, அன்னாசி, முந்திரி எல்லாமே கொலம்பசின் பயணத்துக்குப் பின் அமெரிக்காவிலிருந்து வந்தவை. மிளகாய் இல்லாமல் தமிழர் வீட்டில் இன்று குழம்பு இல்லை. ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காமல் தோட்டத்து மக்கள் உயிர் பிழைத்தது மரவள்ளிக்கிழங்கைத் தின்றுதான். அந்தக் கிழங்கைப் பயிரிட்டு, பக்குவப்படுத்தி, உலகுக்குக் கொடுத்தவர்களில் அழிந்துபோன தைனோ மக்களும் உண்டு. முகம் தெரியாத அவர்களுக்கும் செனாவாங் லயத்துக்கும் இடையே ஒரு கடன் இருக்கிறது.

அந்தக் கடனை அடைக்க ஒரே வழிதான் உண்டு. அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை அறிந்து, அது மீண்டும் நேராமல் பார்த்துக்கொள்வது. பழைய செக்ரோல் புத்தகம், சம்பளச் சீட்டு, தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை, தோட்டத்துப் பள்ளியின் புகைப்படம் ஆகியவற்றைக் குப்பையில் போடாமல் வைத்திருக்கும் குடும்பம் தன் வரலாற்றை வைத்திருக்கிறது. வீட்டுக் கடன் பத்திரமோ, நிலப் பட்டாவோ, வேலை ஒப்பந்தமோ, கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்க்கும் பிள்ளை, ஐந்நூறு ஆண்டுப் பாடத்தைப் படித்துவிட்டான் என்று பொருள். படித்துப் புரியாவிட்டால் கேட்பதில் வெட்கம் இல்லை.

செனாவாங் சாலையோரத்தில் எங்காவது ஒரு பழைய பால்மரம் தப்பி நின்றால், அதன் பட்டையில் உளி பட்ட தழும்பைப் பார்க்கலாம். அந்தத் தழும்பு மரத்தின் தழும்பு மட்டுமன்று. ஒரு கோடு கிழித்து உலகைப் பங்கு போட்டவர்களின் கை, கடைசியில் அந்த மரம்வரை வந்து தொட்டிருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, கதையைச் சொல்லிக் கொடுப்பது பெரியவர்களின் பொறுப்பு.